யாரும் ஊதாத சுரம்

என் வேலை எதையும் நம்பாமல் இருப்பது. ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் அளவுக்கருவிகளைச் சரிபார்க்கிறேன். பிரஷர் கேஜ், வெப்பமானி, தராசு என்று எது வந்தாலும் அது சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்ள மாட்டேன். எங்களிடம் இருக்கும் தரமான கருவியோடு பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். இரண்டும் ஒன்றையே சொன்னால் பச்சை ஸ்டிக்கர். இல்லாததை இருப்பதாகக் காட்டினால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கிவிடுவேன். வீட்டிலும் நான் இப்படித்தான் என்று என் கணவர் ரஞ்சன் சொல்வார். அவர் சொல்வதையும் நான் சரிபார்த்துத்தான் நம்புவேன்.

இப்படிப்பட்டவள் ரெக்கார்டர் குழுவில் போய்ச் சேர்ந்ததற்கு எங்கள் புக்கிட் பாத்தோக் வீட்டு ஸ்டோர் ரூம்தான் காரணம். மகள் வர்ஷா மெல்பர்னுக்குப் படிக்கப் போனபிறகு அவள் பெட்டிகளை ஒழித்துக்கொண்டிருந்தேன். தொடக்கப்பள்ளியில் கொடுத்த ரெக்கார்டர் என்கிற பிளாஸ்டிக் குழல் கையில் கிடைத்தது. புல்லாங்குழல்போலக் குறுக்கே பிடிப்பதில்லை, வாயில் வைத்து நேராக ஊதுவது. இந்த ஊரில் பிள்ளை வளர்த்தவர்களுக்கு அந்தக் குழலைத் தெரியாமல் இருக்காது. மாலை முழுக்க ஒரே பாட்டைப் பிள்ளை ஊதித் தள்ளும். மறுநாள் லிஃப்டில் பக்கத்து வீட்டுக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

சும்மா வாயில் வைத்து ஊதினேன். வந்தது ஒரே ஒரு சுரம்தான், ஆனால் கோடு கிழித்த மாதிரி நேராக வந்தது. பத்து வருஷம் பெட்டிக்குள் கிடந்த சாமான் இப்படிப் பேசுமா என்று அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அதே வாரம், சிராங்கூன் சாலைக்குப் பின்பக்கம் இருக்கும் ஒரு சமூக மன்றத்தில் பெரியவர்களுக்கான ரெக்கார்டர் குழு சனிக்கிழமைதோறும் கூடுகிறது என்று தெரிந்துகொண்டு போய்விட்டேன்.

முதல் நாள் கதவைத் திறந்ததும் திரும்பிப் போய்விடலாமா என்று தோன்றியது. நன்றாக உடுத்திய ஏழெட்டுப் பேர், ஆளுக்கொரு குழலை அக்குளில் இடுக்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காய்ச்சல் பார்க்கிறார்களோ என்று நினைத்தேன்.

"குழல் சூடா இருந்தாத்தான் சுருதி நிக்கும் அக்கா. ஜில்லுன்னு இருந்தா உள்ள தண்ணி கோத்துக்கும்," என்றாள் ரக்ஷனா. முப்பது வயதைத் தாண்டாத பெண். தஞ்சோங் பகாரில் வங்கி வேலை, சனிக்கிழமையில் எங்கள் குழுத் தலைவி. "நீங்களும் வச்சுக்குங்க லா, யாரும் பாக்க மாட்டாங்க."

நானும் வைத்துக்கொண்டேன். கூச்சமெல்லாம் இரண்டு வாரத்தில் போய்விட்டது.

குழல்களில் சின்னதும் உண்டு, பெரியதும் உண்டு. மிஸஸ் டான் ஊதும், அடிக்குரலில் பேசும் பாஸ் குழல் அவர் இடுப்புவரை நீளம். மிகச் சின்னதை ஊதியவர்கள் இருவர்தான், ஃபாரூக் பாயும் நானும். பாய் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். அவர் பக்கத்தில் எனக்கு முன்னால் இருந்த அம்மாள் மகனோடு பெர்த்துக்குப் போய்விட்டதால் அந்த நாற்காலி எனக்குக் கிடைத்தது.

அந்த நாற்காலிக்கு ஒரு பொறுப்பு இருந்தது. பாட்டைத் தொடங்குவதற்கு முன், குளிர்காற்று இரையும் ஏர்கானை அணைத்துவிடுவார்கள். அறை கப்சிப் என்று ஆகும். பாய் உச்சத்தில் ஒரு 'ஸ' பிடிப்பார். அதற்கு மேல் நான் 'க' பிடிக்க வேண்டும். ரக்ஷனா இதற்கெல்லாம் ஆங்கில எழுத்துதான் சொல்வாள், எனக்கு ஸரிகம என்றால்தான் மண்டையில் ஏறும். இரண்டும் சுத்தமாகச் சேர்ந்தால் மூன்றாவதாக ஒரு சுரம் கேட்குமாம். இரண்டு ஸ்தாயிக்குக் கீழே, ஆழத்தில், யாருமே ஊதாத ஒரு 'ஸ'. அதற்குப் பாய் வைத்த பெயர் விருந்தாளி. மிஸஸ் டானுக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச்சொல்லும் அதுதான். விருந்தாளி வந்தபிறகே பாட்டைத் தொடங்குவது அவர்கள் வழக்கம்.

நான் சேர்ந்ததிலிருந்து விருந்தாளி வரவில்லை.

யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. "இன்னைக்கு வரல, பரவாயில்ல," என்று பாய் சிரிப்பார். ஏர்கானைப் போட்டுப் பாட்டைத் தொடங்குவார்கள். அந்தப் பரவாயில்லைதான் எனக்குச் சுருக்கென்று தைக்கும். நான் வேலையை அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. சுருதி பார்க்கும் செயலியைக் கைப்பேசியில் இறக்கி, எதிரே ஸ்டாண்டில் நிறுத்தி வைத்தேன். என் சுரம் கூடினால் முள் வலப்பக்கம் போகும், குறைந்தால் இடப்பக்கம். நடுவில் நின்றால் பச்சை. நான் ஊதினால் பச்சைதான். மூச்சை இழுத்துப் பிடித்து, முள் அசையாமல் கடைசிவரை பச்சையிலேயே நிறுத்துவேன்.

"அக்கா, கொஞ்சம் மெதுவா ஊதிப் பாருங்களேன். லைட்டா," என்றாள் ரக்ஷனா ஒரு நாள்.

"மெதுவா ஊதினா சுருதி இறங்கும். பாரு, கரெக்டா ஜீரோல இருக்கு."

"ஆப் எல்லா சுரத்துக்கும் பொதுவா ஒரு இடத்தை வச்சிருக்கு. பாயோட சேரணும்னா க கொஞ்சம் கீழ வரணும் அக்கா."

"கருவி சரின்னு சொல்றதைத் தப்பா ஊதணுமா?"

 அவள் மேலே பேசியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். அடுத்த வாரம் ஒரு நல்ல மைக்கோடு போய் நாங்கள் பிடித்த சுரத்தைப் பதிவு செய்து, கணினியில் படமாகப் போட்டுப் பார்த்தேன். மேலே இரண்டு சுரங்கள் கம்பமாக நின்றன. கீழே ஒன்றுமே இல்லை, வெறும் தரை. அந்தப் படத்தைக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டினேன்.

"அது வந்தாலும் மைக்ல பதியாது அக்கா," என்றாள் ரக்ஷனா. "ரூமுக்குள்ள அந்தச் சத்தம் கிடையாது. ரெண்டு சுரமும் காதுக்குள்ள போனதும் காதே மூணாவதைப் போட்டுக்கும். ஒவ்வொருத்தர் காதும் தனித்தனியா."

"இல்லாததை இருக்குன்னு காட்டினா எங்க லேப்ல அதுக்கு என்ன பேரு தெரியுமா? ரிஜெக்ட்."

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் சொல்லி எல்லோரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள் என்றே முடிவு கட்டினேன். வீட்டில் ரஞ்சனிடம் இதைப் பற்றி மூச்சுவிடவில்லை. பேய் பிடித்த குழலா என்று வருஷக் கணக்கில் கேலி செய்வார்.

இதற்கிடையில் வர்ஷாவோடு எனக்குத் தகராறு. மெல்பர்னிலிருந்து அவள் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருக்கும். லைன் சரியில்லை என்று திட்டினேன். கைப்பேசியை மாற்றினேன். பிறகு சிம் கார்டையும் மாற்றினேன். ஒரு நாள் கையில் சாமான் இருந்ததால் தற்செயலாக இடக்காதில் வைத்துப் பேசினேன். மகள் பக்கத்தில் நின்று பேசினாள். உலகத்துக் கருவிகளையெல்லாம் சோதிப்பவள், தன் வலக்காதைச் சோதித்துப் பார்க்கவில்லை. அதற்குள் எந்நேரமும் ஒரு முனகல் கேட்கும். ஃபிரிட்ஜ் சத்தம் என்று நினைத்துப் பழைய ஃபிரிட்ஜைக்கூட மாற்றியிருந்தேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் ஒரு கட்டி. புற்று இல்லை, ஆனால் வளர்கிறது, எடுத்தாக வேண்டும். எடுக்கும்போது அந்தக் காதின் கேட்கும் சக்தியைக் காப்பாற்ற முடியாது என்று மருத்துவர் அமைதியாகச் சொன்னார்.

"அந்த முனகல் போயிடுமா டாக்டர்?"

"சிலருக்குப் போகும். சிலருக்கு அப்படியே இருக்கும். இப்பவே சொல்ல முடியாதும்மா."

நான் ஸ்கேன் எடுக்கப் போயிருந்த சனிக்கிழமை என் நாற்காலியில் ரக்ஷனா உட்கார்ந்து 'க' ஊதியிருக்கிறாள். விருந்தாளி வந்திருக்கிறார். அடுத்த வாரம் பாய் அதை என்னிடம் பச்சைப்பிள்ளை மாதிரி மகிழ்ச்சியோடு சொன்னார். சொல்லி முடித்தபிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். அப்போதுதான் நான் காது விஷயத்தை அவர்களிடம் சொன்னேன். மிஸஸ் டான் தன் பாஸ் குழலைத் தரையில் சாய்த்துவிட்டு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதன்பிறகு எனக்கு ஒரே ஒரு ஆசைதான் இருந்தது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன். அது பொய்யாகவே இருக்கட்டும், பிரமையாகவே இருக்கட்டும், இரண்டு காதும் இருக்கும்போதே அந்தச் சுரத்தை ஒரு தடவை கேட்டுவிட வேண்டும். காது உள்ளுக்குள் தானே ஒரு சுரத்தை உண்டாக்கும் என்றால், இத்தனை வருஷம் என்னோடு இருந்த இந்தக் காது எனக்காக ஒரு தடவை அதைச் செய்யட்டுமே.

அறுவை சிகிச்சைக்கு முந்தின சனிக்கிழமை ரக்ஷனாவே கேட்டாள்.

"அக்கா, இன்னைக்கு நான் ஊதறேன். நீங்க நடுவுல உக்காந்து சும்மா கேளுங்க."

என்னை நடுவில் உட்காரவைத்தார்கள். ஏர்கானை அணைத்தார்கள். கீழே சாலையில் போன பேருந்து நின்று கிளம்பும்வரை எல்லோரும் பொறுத்திருந்தார்கள். பாய் 'ஸ' பிடித்தார். ரக்ஷனா மெல்லமாக, மிக மெல்லமாக, 'க' பிடித்தாள்.

எனக்குக் கேட்டது அவ்வளவுதான். 'ஸ'வும் 'க'வும். அதற்குக் கீழே, விருந்தாளி வரவேண்டிய ஆழத்தை அடைத்துக்கொண்டு, என் முனகல், எப்போதும் போல.

ஆனால் நான் அவர்கள் முகங்களைப் பார்த்தேன். மிஸஸ் டானின் வாய் லேசாகத் திறந்தது. பின்வரிசையில் இருந்தவர் கண்ணை மூடிக்கொண்டார். கோயிலில் திரை விலகும்போது சனங்களின் முகம் ஆகுமே, அப்படி ஆயின எல்லா முகங்களும். இதை யாரும் நடிக்க முடியாது. ஏதோ ஒன்று அந்த அறைக்கு வந்திருந்தது. எல்லோரிடமும் போய்விட்டு என்னைமட்டும் தாண்டிப் போனது. நான் பொய் என்று சொன்னது பொய்யில்லை என்று அந்த நொடியில் நம்பினேன். நம்பினதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"கேட்டுச்சா தங்கச்சி?" என்றார் பாய்.

"கேட்டுச்சு பாய்," என்றேன். அவர் என்னை நேராகப் பார்த்துவிட்டுக் குழலைத் துடைக்கத் தொடங்கினார்.

அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. கண் விழித்தபோது தலையின் வலப்பக்கம் கதவைச் சாத்திவிட்ட மாதிரி இருந்தது. சத்தமே இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எது இல்லை என்று புரிந்தது. முனகலையும் காணோம்.

வீட்டுக்கு வந்தபிறகு ஒரு புதுத் தொந்தரவு. சத்தம் கேட்கும், எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. அதற்கு இரண்டு காது வேண்டுமாம். ரஞ்சன் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் நான் படுக்கையறைக்குப் போய்த் தேடுவேன். கைப்பேசி மணி அடித்தால் சோபாவின் கீழ், மேசையின் மேல், என் மடி என்று எல்லா இடத்திலும் துழாவுவேன். சாலையைக் கடக்கும்போது எந்தப் பக்கம் வண்டி என்று தெரியாமல் திணறுவேன். ரஞ்சன் என்னைத் தனியாக வெளியே விடவில்லை. கேலி செய்வதையும் நிறுத்திவிட்டார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

குழல் ஊதலாமா என்று மருத்துவரிடம் கேட்டேன். இரண்டு மாதம் தொடவே கூடாது என்றார். அதற்குப்பிறகும் அழுத்தி ஊதக்கூடாது, மூச்சை முக்கக்கூடாது, தும்மினால்கூட வாயைத் திறந்துதான் தும்ம வேண்டும். சூப்பை ஆற்றுகிற அளவுக்கு ஊதிக்கொள்ளுங்கள் என்றார்.

இரண்டு மாதமும் கழிந்த சனிக்கிழமை ரஞ்சன்தான் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். பஃபலோ ரோட்டில் காய்கறி வாங்கிவிட்டு வந்து அழைத்துப் போகிறேன் என்று மன்றத்து வாசலில் விட்டுப் போனார். மேலே என் நாற்காலியைக் காலியாக வைத்திருந்தார்கள். பாயை என் இடப்பக்கத்துக்கு மாற்றியிருந்தார்கள். யார் யோசனை என்று நான் கேட்கவில்லை. குழலை அக்குளில் வைத்துக்கொண்டேன். எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் மனசு நிறைந்துவிட்டது.

ஏர்கானை அணைத்தார்கள். பழக்கத்தில் கைப்பேசியை ஸ்டாண்டில் நிறுத்தினேன்.

"மன்னிச்சுக்குங்க, என்னால முன்ன மாதிரி ஊத முடியாது," என்றேன். "சுருதி இறங்கித்தான் நிக்கும். இன்னைக்கும் வராது."

"வரலைன்னா அடுத்த வாரம் வரட்டும்," என்றார் பாய். குழலை வாயில் வைத்தார்.

அவர் 'ஸ' பிடித்தார். நான் சூப்பை ஆற்றுகிற அளவுக்கு ஊதினேன். முள் உடனே பச்சையை விட்டு இடப்பக்கம் சரிந்தது. சிவப்பு.  ஏற்றிப் பிடிக்கச் சொல்லி உடம்பே கெஞ்சியது. தலைக்குள் தையல் போட்ட இடத்தை நினைத்துக்கொண்டு மூச்சை ஏற்றாமல் இருந்தேன். முள் இன்னும் கொஞ்சம் இறங்கி நின்றது. கருவி தப்பு என்று சொல்லும் இடத்தில் நான் வேண்டுமென்றே நின்றது என் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

அப்போது வந்தது.

ஆரம்பத்தில் மிஸஸ் டான் பாஸை ஊதத் தொடங்கிவிட்டாரோ என்று நினைத்தேன். அவர் குழல் மடியில் கிடந்தது. ஆழத்தில் ஒரு 'ஸ', சன்னமாக, ஆனால் ஆடாமல் அசையாமல். நாங்கள் ஊதும் இரண்டு சுரத்தையும் கீழிருந்து தாங்குகிற மாதிரி இருந்தது. நான் மூச்சை ஒரு நூல் ஏற்றினேன். கலங்கி மறைந்தது. இறக்கினேன். திரும்பவும் வந்து நின்றது. தலையைத் திருப்பிப் பார்த்தேன். அதுவும் என்னோடே திரும்பியது. அது மூலையிலும் இல்லை, கூரையிலும் இல்லை. எனக்குள் இருந்தது. மீதி இருக்கும் ஒரே காது, யாரும் கேட்காமலே எனக்கு ஒரு சுரத்தை உண்டாக்கித் தந்துகொண்டிருந்தது. இத்தனை நாளாகக் காதை நான் ஒரு கருவி என்று நினைத்திருந்தேன். உள்ளே வருவதை அளந்து சொல்வதோடு அதன் வேலை முடிந்தது என்று நினைத்திருந்தேன்.  கண்ணீர் வழிந்து குழலில் இறங்கியது, துடைக்கக் கை இல்லை.

சந்தோஷத்தின் நடுவிலேயே என் புத்தி தலை தூக்கியது. உண்மையிலேயே கேட்கிறதா? கேட்க வேண்டும் என்று ஏங்கியதால் நானாகப் போட்டுக்கொள்கிறேனா? இந்தக் கூட்டத்தில் யாரைக் கேட்டாலும் கேட்கிறது என்றுதான் சொல்வார்கள். எனக்காகவாவது சொல்வார்கள்.

கதவு திறந்தது. இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு ரஞ்சன் நின்றார். இவருக்கு விருந்தாளியைப் பற்றி ஒரு வார்த்தையும் தெரியாது. நான் ஊதுவதை நிறுத்தவில்லை. பாயும் நிறுத்தவில்லை.

ரஞ்சன் எங்கள் இருவரையும் பார்த்தார். மிஸஸ் டானின் மடியில் கிடந்த பெரிய குழலைப் பார்த்தார். நிமிர்ந்து ஏர்கானைப் பார்த்தார், அது அணைந்திருந்தது. பின்வரிசையில் ஒவ்வொருவர் வாயாகப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு தலையை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திருப்பித் திருப்பித் தேடினார். இந்த இரண்டு மாதமாக நான் வீட்டில் தேடுகிறேனே, அதே மாதிரி.

மூச்சு முடிந்து நாங்கள் குழலை இறக்கினோம். அறை அமைதியானது.

"அடிக்குரல்ல ஒருத்தர் ஊதினாரே," என்றார் ரஞ்சன், குரலை அடக்கிக்கொண்டு. "யாரு அது? எங்க இருக்காரு?"

 எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். ஸ்டாண்டில் இருந்த கைப்பேசியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

"தேடாதீங்க," என்றேன். "பையை வச்சுட்டு இப்படி உக்காருங்க. திரும்ப ஊதறோம்."